டிரெசர் பதில்கள்: வலிப்பும் நாலு நம்பரும்

எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி வருஷக்கணக்காகிறது. எனக்கு வரும் உறைகளில் பாதி இன்னும் பழைய பெயரோடுதான் வருகின்றன. தபால்காரரும் முகம் சுளிக்காமல் கொண்டுவந்து கொடுக்கிறார். இந்த மாதக் கட்டில் மூன்று கடிதங்கள் ஒரே விஷயத்தையே சுற்றுகின்றன: வலிப்பும் சூதாட்டமும். அதனால் சர்க்கரைக்காரர்களும் மூட்டுவலிக்காரர்களும் அடுத்த மாதம்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நான் டாக்டர் இல்லை. தோட்டத்து மருந்தகத்தில் 29 வருஷம் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன்.

கேள்வி: டிரெசர் ஐயா, என் வீட்டுக்காரருக்கு 46 வயது. செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் வேலை. மூன்று வயதில் காய்ச்சலோடு ரொம்ப நேரம் வலிப்பு வந்ததாக மாமியார் சொல்வார். 19 வயதில் மறுபடியும் ஆரம்பித்தது. கார்பமாசெபின் சாப்பிடுகிறார். கீழே விழுந்து வெட்டி இழுக்கிற வலிப்பு வந்து ஆறு வருஷமாகிறது. ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது "நின்று போவார்". பேசிக்கொண்டே இருப்பவர் கண் நிலைகுத்தி, வாயைச் சப்புக்கொட்டி, சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு இருப்பார். ஒரு நிமிஷம்தான். அப்புறம் ஏதாவது முணுமுணுப்பார். அதில் எண் வந்தால் போதும், பக்கத்து வீட்டு ஆட்கள் எழுதிக்கொண்டு நாலு நம்பர் லாட்டரி எடுக்க டவுனுக்கு ஓடுவார்கள். ஒரு தடவை ஆறுதல் பரிசு அடித்தது. அன்றிலிருந்து அவரே தன் வாய்க்கு வாக்கு இருப்பதாக நம்பிவிட்டார். ஒரு வெள்ளி (ரிங்கிட்), இரண்டு வெள்ளிக்கு எடுத்தவர் இப்போது ஒரு இழுப்புக்கு (லாட்டரிக் குலுக்கலுக்கு) 80 வெள்ளி போடுகிறார். இழுப்பு நாளில் சோறு இறங்காது, எரிந்து விழுவார். இ.பி.எஃப். சேமநிதியின் மூன்றாவது கணக்கைத் துடைத்துவிட்டார். என் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. "மகளுக்கு ஃபீஸ் கட்டினேன்" என்றார். கட்டவில்லை. மாமியார் "வலிப்புக்காரன், திட்டாதே, தலைக்கு ஏறிவிடும்" என்கிறார். என் தம்பி "மாத்திரைதான் புத்தியைக் கெடுக்கிறது, நிறுத்திப் பார்" என்கிறான். யார் சொல்வது சரி? – பெயரும் தோட்டமும் வேண்டாம்.

பதில்: தங்கச்சி, முதலில் உங்கள் தம்பிக்கு. மாத்திரையை நிறுத்தக் கூடாது, ஒரு வேளைகூட. திடீரென்று விட்டால் வலிப்பு ஓயாமல் அடுக்கடுக்காக வரலாம், உயிருக்கே ஆபத்து. அப்படி ஒருவரைத் தோட்டத்து வேனில் கிடத்தி, மழையில் ஊறிய செம்மண் ரோட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அவரும் "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தியவர்தான்.

அடுத்து, அந்த 80 வெள்ளியைவிட எனக்கு அதிகம் கவலை தருவது "நின்று போவார்" என்ற வார்த்தை. அதுவும் வலிப்புதான் அம்மா. கை கால் வெட்டாத வலிப்பு. காதுக்கு மேலே, பொட்டுக்கு உள்பக்கம், மூளையில் டெம்பொரல் லோப் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே கிளம்பும் வலிப்பு பெரும்பாலும் நீங்கள் எழுதிய மாதிரியேதான் இருக்கும்: வெறித்த பார்வை, சப்புக்கொட்டல், விரல் எதையாவது தடவுவது, ஒன்றிரண்டு நிமிஷத்தில் தெளிவது. சின்ன வயதில் நீண்ட காய்ச்சல் வலிப்பு வந்தவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் அந்த இடத்திலிருந்து வருவதும் உண்டு.

இது எனக்குத் தெரியவே ரொம்ப நாளாயிற்று. ஒரு மண்டோர் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்), காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர், திடீரென்று நிறுத்திவிட்டுப் பேனாவின் மூடியைச் சப்பிக்கொண்டு எங்களைத் தாண்டி எங்கேயோ பார்த்தார். அறுபது பேர் சிரித்தார்கள். அவருடைய கார்டில் நான் "குடிபோதை" என்று எழுதினேன். கள்ளுக்கடைப் பக்கமே போகாத மனிதர். ஒரு வாரச் சம்பளம் போயிற்று. பிறகு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வலிப்பு என்று எழுதி வந்தபோது அந்தக் கார்டை அடித்துத் திருத்தினேன். சம்பளத்தைத் திருத்த முடியவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் கிளினிக்கில் "வலிப்பு வந்ததா?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லி மாத்திரையை மட்டும் வாங்கி வருவார் என்று நினைக்கிறேன். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. நின்று போன நேரம் அவருக்கே ஞாபகம் இருக்காது. வாரம் ஒரு தடவை என்றால் வலிப்பு கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். லோரியில் ஏறி இறங்குகிற வேலை வேறு. ஆக, டாக்டருக்கு அதுவும் தெரியாது, நம்பர் விஷயமும் தெரியாது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா? இருக்கலாம். ஆனால் மாமியார் நினைக்கிற மாதிரி இல்லை. வலிப்பு உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒரு சீட்டுகூட வாங்காமல் வாழ்கிறவர்கள். ஆனால் டெம்பொரல் லோப் வலிப்பு உள்ளவர்களிடம் சூதாட்ட நாட்டம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது என்று சொல்லும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. "இது கிடைத்தால் நன்றாக இருக்கும்" என்று மனத்தை உந்தும் டோபமின் என்ற மூளை ரசாயனத்தின் பாதைகள் அந்தப் பகுதியோடு பின்னிக் கிடக்கின்றன என்பது ஒரு விளக்கம்.

1994-ல் அமெரிக்காவின் அயோவாவில் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். நாலு சீட்டுக்கட்டு. இரண்டு கட்டில் வரவு பெரிது, அடி அதைவிடப் பெரிது. மற்ற இரண்டில் வரவும் சின்னது, அடியும் சின்னது, கடைசியில் கையில் மிஞ்சும். எந்தக் கட்டு எப்படி என்று சொல்லமாட்டார்கள். கொஞ்ச நேரம் புரட்டினால் பெரும்பாலோருடைய கை தானாகவே கெட்ட கட்டை விட்டு விலகிவிடும். டெம்பொரல் லோப் வலிப்பு உள்ளவர்களில் பலருக்கு அந்த விலகல் சரியாக வருவதில்லை என்று பிறகு செய்த சோதனைகள் காட்டின. பட்டும் தெரியவில்லை என்று நாம் திட்டுகிறோமே, அந்தப் "படுவது" மூளையில் பதிவதிலேயே சிலருக்குச் சிக்கல் இருக்கிறது.

இன்னொன்று என் சொந்த யோசனை, டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். இந்த வகை வலிப்பு வரும் முன்னால் சிலருக்கு "இது முன்னாடியே நடந்திருக்கிறது" என்ற உணர்வு மின்னல் மாதிரி வரும். வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்பும். அந்த நேரத்தில் ஒரு லோரியின் நம்பர் பிளேட் கண்ணில் பட்டால்? ஏற்கெனவே தெரிந்த எண் மாதிரி, யாரோ காட்டிக்கொடுத்த மாதிரி இருக்காதா? நமக்குக் கனவு, விபத்தான கார், சாமியாடியின் வாய் எல்லாமே எண்தான். நானும் சுத்தமான ஆள் இல்லை. ஆம்புலன்ஸ் நம்பரை எடுத்து, அது வரவில்லை என்று ஆம்புலன்ஸ் டிரைவரிடமே கோபித்துக்கொண்டவன். உங்கள் வீட்டுக்காரருக்கு இருக்கும் நம்பிக்கைக்குப் பின்னால் வலிப்பின் ஒரு துளி இருக்கலாம் என்று அவரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்க்கலாம். நக்கலாகச் சொல்லாதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் தம்பிக்கு அரை மார்க் போடுகிறேன். சில மருந்துகள் உண்மையிலேயே சூதாட்ட வெறியைக் கிளப்பும். பார்க்கின்சன் நோய்க்கும், ராத்திரியில் கால் ஓயாமல் துடிப்பதற்கும் கொடுக்கும் பிராமிபெக்சோல், ரோபினிரோல். மனநோய்க்குக் கொடுக்கும் அரிபிப்ரசோல். கடைசி மருந்துக்கு 2016-ல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கையே விட்டது. கார்பமாசெபின் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆனாலும் அவர் சாப்பிடுகிற எல்லாவற்றையும், சீன மருந்து, நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இது வெறும் பழக்கமா, நோயா என்று பார்க்க 1997-ல் வந்த இரண்டே கேள்விகள் உண்டு. பந்தயத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா? எவ்வளவு ஆடினாய் என்பதை வேண்டியவர்களிடம் மறைத்துப் பொய் சொல்லியிருக்கிறாயா? ஒன்றுக்கு "ஆமாம்" வந்தாலும் மேலே பார்க்க வேண்டும். டாக்டர்கள் 2013-லிருந்து சூதாட்ட நோயை மதுப்பழக்கத்தோடு ஒரே தலைப்பில் வைத்திருக்கிறார்கள். ஒன்பது அடையாளங்களில் நான்கு ஒரு வருஷத்துக்குள் இருந்தால் நோய் என்று கணக்கு. உங்கள் கடிதத்தில் கூடிக்கொண்டே போவதும் பொய்யும் இருக்கின்றன. எந்நேரமும் அதே நினைப்பு என்பது சோறு இறங்காததிலேயே தெரிகிறது. விட்டதைப் பிடிக்கத் திரும்பத் திரும்பப் போகிறாரா, நிறுத்தப் பார்த்து முடியாமல் போனதா என்று நீங்கள் எழுதவில்லை. அவரிடம் கேளுங்கள்.

கணக்கையும் போட்டுவிடுவோம். ஒரு வெள்ளிக்கு "பெரியது" என்கிற வகைப் பந்தயம் எடுத்தால் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. சிறப்புப் பரிசு பத்து, ஒவ்வொன்றும் 180. ஆறுதல் பத்து, ஒவ்வொன்றும் 60. மொத்தம் இருப்பது 10,000 எண்கள். எல்லாவற்றையும் ஒரு வெள்ளி வீதம் நீங்களே வாங்கினாலும் 10,000 கொடுத்து 6,400 திரும்ப வாங்குவீர்கள். வாரம் மூன்று இழுப்புக்கு 80 வீதம் 240 போட்டால், சராசரியாக வாரம் 86 வெள்ளி போகும்; வருஷத்துக்கு ஏறக்குறைய 4,500. வலிப்பில் வந்த எண்ணுக்குத் தனி விலை கிடையாது.

ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கிக்கு வலிப்பும் இருந்தது, ரூலட் மேசையும் இருந்தது. மனைவி அன்னாவின் காதணிவரை அடகுக்குப் போயிருக்கிறது. உங்கள் சங்கிலியைப் படித்தபோது அந்த அம்மாள்தான் ஞாபகத்துக்கு வந்தார். 1871-ல் தஸ்தயேவ்ஸ்கி ஆட்டத்தை விட்டார். வலிப்பு அதற்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தது. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: வலிப்பு இருக்கும்போதே சூதை விட முடியும்.

இனி வேலை. சமையலறை நாள்காட்டியில் நின்று போன நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை தவறிய நாளுக்கு ஒரு கோடு, நம்பருக்குப் போன பணம் எவ்வளவு என்று எழுதுங்கள். மூன்று மாதம் எழுதினால் இழுப்பு நாளின் தூக்கக்கேடும் அடுத்த நாள் வலிப்பும் ஒட்டிவருகிறதா என்று கண்ணுக்கே தெரியும். அவர் நின்று போவதைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். டாக்டருக்கு என் நூறு வரியைவிட அந்த ஒரு நிமிஷம் உதவும். நரம்பியல் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பொருத்தமான இரண்டு மருந்து கொடுத்தும் நிற்கவில்லை என்றால் ஆபரேஷன் சாத்தியமா என்றுகூடப் பார்ப்பார்கள். சூதாட்டத்துக்கு மனநலப் பிரிவில் பேச்சு வழிச் சிகிச்சை உண்டு. அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

பணத்துக்கு: சம்பளக் கார்டு உங்கள் கையில் இருக்கட்டும், அவர் ஒப்புதலோடு. அடகுச் சீட்டில் மீட்கும் தேதியை இன்றே பாருங்கள், போனால் போனதுதான். வங்கிக் கடன் இருந்தால் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தில் இலவசமாக ஆலோசனை சொல்லித் தவணையை மாற்றித் தருவார்கள். ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரரிடம்) வாங்கியிருந்தால் இன்னொரு ஆலோங்கிடம் வாங்கி அடைக்காதீர்கள். "நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் தனியாக விடாதீர்கள். மனம் விட்டுப் பேச உதவும் எண்கள்: பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. இந்த எண்களை எடுத்து டவுனுக்கு ஓட வேண்டாம் என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வயது 23. காலையில் எழுந்ததும் கை வெட்டி, மைலோ கோப்பை பறக்கிறது. பெரிய வலிப்பு மூன்று தடவை, மூன்றும் விடிகாலையில். ராத்திரி மூன்று மணிவரை போனில் ஸ்லாட் ஆடுகிறேன். 7,000 வெள்ளி போய்விட்டது. ஏஜண்ட் ஒருவர் என் ஏ.டி.எம். கார்டை வாடகைக்குக் கொடுத்தால் மாதம் 500 தருகிறேன் என்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது. – ஈஜோக் பையன்

பதில்: தம்பி, கார்டைக் கொடுக்காதே. உன் கணக்கில் யாருடைய திருட்டுப் பணமோ புரளும், போலீஸ் உன் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

காலையில் கை வெட்டுவதைக் கிளினிக்கில் சொன்னாயா? பெரிய வலிப்பை மட்டும் சொல்லிவிட்டுக் கோப்பை பறந்ததை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். உன் வயதில் இப்படி வருவது தனி வகையாக இருக்கலாம். அந்த வகைக்கு எல்லா வலிப்பு மாத்திரையும் ஒத்துவராது. சிலது கை வெட்டைக் கூட்டிவிடும். அந்த வகைக்குப் பெரிய எதிரி தூக்கக்கேடு. சிலருக்கு மினுக்கும் வெளிச்சமும் ஆகாது. நீ இரண்டையும் ஒன்றாக, இருட்டில், முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டிருக்கிறாய்.

மூன்று படத்தில் இரண்டு சேர்ந்து மூன்றாவது ஒரு கட்டம் தள்ளி நிற்கும்போது "சே, கொஞ்சத்தில் போச்சே" என்று இருக்கும் இல்லையா? அது தோல்விதான். ஆனால் மூளையில் பரிசுக்குத் துடிக்கிற இடம் அதற்கும் துடிக்கிறது என்று படம் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த தட்டலுக்கு உன் விரலை இழுப்பது அதுதான். ராத்திரி பத்து மணிக்குப் போனை அக்காவிடமோ அம்மாவிடமோ கொடு. ஏன் என்று கேட்பார்கள். வலிப்பைச் சொல்லி ஆரம்பி. 7,000-ஐயும் அதே மூச்சில் சொல்லிவிடு. தனித்தனியாகச் சொன்னால் இரண்டாவதைச் சொல்லவே மாட்டாய்.

கேள்வி: ஒட்டுக்கடை நடத்துகிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் எண் சொல்வார். எனக்கே ஒரு தடவை அடித்திருக்கிறது, பல தடவை அதே இலக்கங்கள் இடம் மாறி வந்திருக்கின்றன. இதில் தப்பு இருக்கிறதா? – (ஊரை நானே வெட்டிவிட்டேன்)

பதில்: நாலு வெவ்வேறு இலக்கத்தை 24 விதமாக மாற்றி எழுதலாம். ஒரு லாட்டரிக் கம்பெனியில் ஒரு இழுப்புக்கு 23 எண்கள் வெளிவரும். மூன்று கம்பெனியின் பலகையையும் பார்த்து, "மாறி வந்தாலும் வந்ததுதான்" என்று எண்ணினால், எந்த எண்ணை எடுத்தாலும் சுமார் ஆறு இழுப்புக்கு ஒரு தடவை ஏதாவது ஒன்று கண்ணில் படும். உங்கள் பூனை சொன்னாலும் இதே கணக்குதான்.

தப்பா என்று கேட்டீர்கள். அவருடைய மனைவி எனக்கு எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று யோசியுங்கள்.

அடுத்த தடவை அவர் உங்கள் கடையில் நின்று போனால், சுடுதண்ணீர்ப் பானையிலிருந்து விலக்கி உட்கார வையுங்கள், பிடித்து அமுக்காதீர்கள். விழுந்து வெட்டினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே துண்டை மடித்து வையுங்கள். கையில் சாவியும் வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம். சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் 999-ஐக் கூப்பிடுங்கள். தாண்டாவிட்டாலும் எத்தனை நிமிஷம் என்று எழுதி அவர் வீட்டம்மாவிடம் கொடுங்கள், டாக்டர் கேட்பார்.